கைப்பேசிக்கு வைத்த பொட்டு

மதியம் இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு என் கைப்பேசி என்னை யாரென்று தெரியாது என்றது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் எனக்கு வேலை. காலையில் ரயிலிலும் முகக்கவசம், கிளினிக்கிலும் முகக்கவசம். அதனால் எண்ணைத் தட்டித்தான் கைப்பேசியைத் திறப்பேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கவசத்தைக் கழற்றிவிட்டு முகத்துக்கு நேரே தூக்குவேன், தானே திறந்துகொள்ளும். அன்றைக்குத் திறக்கவில்லை. இன்னொரு தரம் தூக்கினேன். முகம் தெரியவில்லை என்று எழுதிக் காட்டியது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தவள், ஐம்பதை நெருங்குகிறவள், கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைத் தெரியாதுதான் என்று சிரித்துக்கொண்டே திரையைத் துடைக்கப் போனேன். மேலே நட்ட நடுவில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம்.

அன்று ஆயுத பூஜை. விடியுமுன் சாமி மேடைக்கு முன்னால் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தேன். வேன் சாவி, ஸ்பானர்கள், என் கத்தரிக்கோல், அரிவாள்மனை, மிக்சி ஜார், என் கைப்பேசி, என் வீட்டுக்காரர் கைப்பேசி. ஒவ்வொன்றுக்கும் பொட்டு. ஸ்பானருக்கு எந்த இடத்தில் வைப்பது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். கைப்பேசிக்கு யோசனையே வேண்டாம். நிமிர்த்தி வைத்தால் அதற்கு ஒரு நெற்றி இருக்கிறது, பொட்டை நெற்றியில் வைக்காமல் வேறெங்கே வைப்பார்கள்? கேமராவின் கண் அங்கேதான் இருக்கிறது என்பது சந்தனக் கிண்ணமும் கையுமாக நிற்கிறவளுக்கு ஞாபகம் வருமா?

அவருடைய கைப்பேசியின் கண்ணையும் நான் மூடி அனுப்பியிருக்கிறேன்.

கையிலிருந்த கரண்டி சாப்பாட்டு டப்பாவுக்குள் விழுந்தது. ஒரு பொட்டுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சுகுமாறன் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறார், பத்தொன்பது வருஷமாக. விடியுமுன் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்குவார். பிறகு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், மதியம் மறுபடி பிள்ளைகள், சாயங்காலம் மறுபடி தொழிற்சாலை. இரவில் படுக்கிறார், ஆனால் அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. குறட்டை திடீரென்று நிற்கும், கூடவே மூச்சும் நிற்கும். நான் விலாவில் ஒரு குத்து விட்டால்தான் திரும்பி வரும். டாக்டர் ஒரு மூச்சு இயந்திரம் கொடுத்து, முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார். "புள்ளையாரு மாதிரி தும்பிக்கையோட படுக்கச் சொல்றியா?" என்று மூன்றாம் நாள் அதைக் கழற்றி அலமாரிமேல் ஏற்றிவிட்டார். தூக்கம் எல்லாம் பகலில்தான் அவருக்கு வரும், அதுவும் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் வரும்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், நல்லவேளை காலி வேன், பெடரல் நெடுஞ்சாலையில் பத்து தீகா என்ற இடத்தின் பக்கம் கண் அசந்து நடுத்தடுப்பில் உரசிவிட்டார். வேனின் வலப்பக்கம் முழுக்கக் கிழிந்துபோனது. பெற்றோர்களிடம் டயர் வெடித்தது என்று சொன்னோம். சொன்னோம் என்ன சொன்னோம், நான்தான் சொன்னேன். அவர்களின் வாட்ஸ்அப் குழுவில், கும்பிடும் கைகளோடு, கடவுள் காப்பாற்றினார் என்று எழுதிப் போட்டேன்.

பினாங்கில் வேலை பார்க்கும் எங்கள் மகள் யாழினி ஓடி வந்து அழுதாள், திட்டினாள், கடைசியில் அப்பாவின் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். கைப்பேசியை ஸ்டீயரிங்குக்கு முன்னால் மாட்டி வைத்தால் அது ஓட்டுகிறவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு விநாடி கண் மூடினால் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறும். எனக்கும் ஒரு செய்தி வரும். வேன் எங்கே போகிறது, என்ன வேகம் என்று என் திரையில் ஒரு பச்சைப் புள்ளி ஓடிக் காட்டும். வண்டி ஓடும்போது அவருக்கு எந்த அழைப்பும் அடிக்காது. அழைத்தவருக்கு 'சாயா செடாங் மெமாண்டு' என்று, அதாவது வண்டி ஓட்டுகிறேன் என்று, ஒரு செய்தி மட்டும் தானாகப் போகும். அந்த ஏற்பாடு என்னுடையது. அவர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிற ஆள்.

அன்றிலிருந்து தினமும் மூன்று தடவையாவது, நான்கு தடவையாவது எனக்குச் செய்தி வரும். உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்கும்போது எனக்குப் பயம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. செயலி அலறிவிட்டது, ஆள் விழித்துவிட்டார், அப்புறமென்ன. நோயாளியின் அட்டையை எடுத்து அடுக்கப் போய்விடுவேன். இப்படியே ஏழு மாதம்.

ஆயுத பூஜையன்று காலையிலிருந்து ஒரு செய்திகூட இல்லை. பதினோரு மணிக்கு நான் துள்ளிக் குதிக்காத குறை. உள்ளே போய் டாக்டர் தெய்வானையிடம், "டாக்டர், இன்னைக்கு ஒரு தடவகூட அடிக்கல! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்றேன். அவர் ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, "நல்லதுதான லா" என்றார். ஆத்தா கண்ணைத் திறக்கவில்லை, நான்தான் ஒரு கண்ணை மூடியிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிவிட்டுச் செயலியைத் திறந்தேன். பச்சைப் புள்ளி கெசாஸ் நெடுஞ்சாலையில் கிள்ளானைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. வேகம் எண்பத்தெட்டு. எச்சரிக்கைகள் பூஜ்யம்.

அன்றைக்கு அவர் காலி வேனில் போகவில்லை. காஜாங்கில் ஒரு புதிர்ப்போட்டி, கிள்ளான் பள்ளியிலிருந்து ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டிப்போயிருந்தார். இப்போது திருப்பிக் கொண்டுவருகிறார். மதிய வெயில், சாப்பிட்ட வயிறு, நேர் சாலை. இந்த நேரத்தில்தான் செயலி வழக்கமாக அதிகம் அலறும்.

அழைத்தேன். 'சாயா செடாங் மெமாண்டு.' மறுபடி அழைத்தேன். 'சாயா செடாங் மெமாண்டு.' என் புத்திசாலித்தனம் எனக்கே வரிசையாக வந்து விழுந்தது. ஐந்தாவது தடவை நான் திரையைப் பார்த்து, "ஓட்டாத, நிறுத்து!" என்று கத்திவிட்டேன். பல் பிடுங்கக் காத்திருந்த தம்புசாமி அங்கிள் திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

யாழினியை அழைத்தேன். அவள் உடனே எடுத்தாள்.

"ஏதாச்சும் பண்ணி அப்பாவுக்கு ரிங் போக வைய்யிடி!"

"ஓடும்போது போகாதும்மா. நீங்கதான எல்லாத்தையும் பிளாக் பண்ணச் சொன்னீங்க? என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"அம்மா, பயப்படாதீங்க. கேமரா மறைஞ்சா ஸ்கிரீன்ல சிவப்பா காட்டும். அப்பா காலையிலயே பாத்துத் தொடைச்சிருப்பாரு."

"தொடைக்க மாட்டாருடி."

"ஏன்?"

"நான்தான் சொல்லி அனுப்பினேன்."

வாசலில் நின்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருந்தது. பூஜைப் பொட்டுங்க, நாளைக்குக் காலையில புனர்பூஜை முடியிற வரைக்கும் கை வைக்காதீங்க. இத்தனை வருஷத்தில் மூச்சு இயந்திரத்தைப் போடச் சொன்னதை, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னதை, எதையும் கேட்காத மனிதர் சாமி விஷயத்தில் மட்டும் நான் சொன்னதைத் தட்டமாட்டார்.

அடுத்து வீரம்மா டீச்சரை அழைத்தேன். போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர் அவர்தான். வேனில் அவரும் இருந்தால் தோளைத் தட்டி எழுப்பலாம்.

"அமுதவள்ளி! நம்ம புள்ளைங்க ரெண்டாவது பரிசு!" என்றார் எடுத்த எடுப்பில். "நான் இன்னும் காஜாங்லதான் இருக்கேன், ரெண்டு பாரத்துல கையெழுத்துப் போடணும். வேன முன்னுக்கு அனுப்பிட்டேன். உங்க வீட்டுக்காரரு புள்ளைங்களோட உக்காந்து நல்லா சாப்பிட்டாரு. வாழை இலை, பாயாசம் ரெண்டு கப்பு. ஏன், என்ன விஷயம்?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மார்ச் மாதத்தையும் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் எந்தத் தாய் எங்கள் வேனில் பிள்ளையை ஏற்றுவாள்? "ஒண்ணுமில்ல டீச்சர், சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். ஒன்பது பிள்ளைகள் எண்பத்தெட்டில் போய்க்கொண்டிருக்கும்போது நான் எங்கள் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே இன்றும் கூசுகிறது.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் வேகம் எழுபது. பிறகு ஐம்பத்திரண்டு. பிறகு தொண்ணூறு. தூங்கி வழிகிறவரின் கால் இப்படித்தான் அழுத்தும், விடும், அழுத்தும். மார்ச் மாதத்தில் அவரே எனக்குச் சொன்னது அது. நான் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளக்கூட உள்ளே போகவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி கிராப் வாடகைக் கார் கூப்பிட்டேன். எங்கே போவது என்று அது கேட்டது. ஓடுகிற புள்ளியின் பேரை எப்படி எழுதுவது? வழியில் அடுத்து வருகிற பூச்சோங்கைப் போட்டேன்.

கார் வருவதற்குள் புள்ளி நின்றுவிட்டது.

பூச்சோங்கைத் தொட்டு, நெடுஞ்சாலையின் ஓரத்தில். வேகம் பூஜ்யம். விரலால் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி நின்றால் அழைப்பு போகும். அழைத்தேன், போனது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. இவ்வளவு நேரமும் மணி அடிக்க மாட்டேன் என்கிறதே என்று அழுதவள், இப்போது அடிக்கிற ஒவ்வொரு மணிக்கும் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

கார் ஓட்டி வந்த இளைஞனின் பெயர் கிஷன் என்று திரையில் இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அந்தப் புள்ளியை அவன் முன்னால் நீட்டினேன்.

"தம்பி, இங்க போகணும். சீக்கிரம் போங்க. இல்ல, சீக்கிரம் வேணாம், பாத்துப் போங்க."

"ஆக்சிடெண்டாக்கா?"

"தெரியலப்பா."

அவன் முன்னால் மாட்டியிருந்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வரைபடம் மட்டும் ஓடியது, யாருடைய கண்ணையும் அது பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த கிஷனின் கண்களை நானே எண்ணத் தொடங்கினேன். இமைத்தான், திறந்தான். இமைத்தான், திறந்தான். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த அரைமணி நேரம் என்னை உட்கார வைத்தது அதுதான். எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். அவர் போனாலும் பரவாயில்லை, பிள்ளைகளில் ஒன்றுக்கும் கீறல் படக்கூடாது என்று ஒரு நிமிஷம் வேண்டினேன். அடுத்த நிமிஷம் அதை வாபஸ் வாங்கிக்கொண்டு, அவரையும் சேர்த்துக் கொடு என்று அழுதேன்.

பூச்சோங்கை நெருங்கும்போது கிஷன் என் திரையை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இந்த எடத்துல எண்ணெ ஸ்டேசன் ஒண்ணு இருக்கு லா. எண்ணெ போட நின்னுருப்பாங்க."

"அப்ப ஏன் போன எடுக்க மாட்டேங்கிறாரு?"

அவன் சிக்னலைப் போட்டு இடப்பக்கப் பாதைக்கு மாறினான்.

பெட்ரோல் போடும் அந்த எண்ணெய் ஸ்டேசனுக்குள் கார் திரும்பியதும் எங்கள் மஞ்சள் வேனைப் பார்த்தேன். காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் முழுசாக நின்றது. நிழலில், சிமெண்டுத் திண்டில், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன், எட்டுதான். அப்புறம்தான் ஒன்பதாவதைப் பார்த்தேன். ரெட்டைச் சடையும் மூக்குக்கண்ணாடியுமாக, லெட்சுமி, வேனின் ஓட்டுநர் கதவுக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் மர அளவுகோல், இன்னொரு கை இறுக்கி மூடியிருந்தது.

கதவுக்குள் என் வீட்டுக்காரர், இருக்கையைச் சாய்த்துப்போட்டு, வாயைத் திறந்து, கண்ணாடி அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூச்சு நின்றது. நான் விலாவைக் குத்தக் கையை நீட்டுவதற்குள் தானே வந்துவிட்டது. உயிரோடிருக்கிறார். வாய்க்குள் அவரை என்னென்னவோ திட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முன்னால் மாட்டியிருந்த கைப்பேசியில் சிவப்பு வரி மின்னிக்கொண்டிருந்தது. நான் வைத்த பொட்டு ஒரு பொடி உதிராமல் அப்படியே இருந்தது. அவருடைய இடது முன்கையில் வரி வரியாகச் சிவந்து தடித்திருந்தது.

"இது என்னம்மா லெட்சுமி?"

"நான்தான் அடிச்சேன், ஆன்டி." அவள் குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "காலையிலயே அங்கிள் சொன்னாரு. இன்னைக்குப் போனுக்குக் கண்ணு தெரியாது, பூஜைப் பொட்ட அழிக்கக் கூடாது, நீ முன்னுக்கு வந்து உக்காரு, நான் கண்ண மூடுனா ரூலரால ஒண்ணு போடுன்னு. காலையில நாலு தடவ அடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பி வரும்போது பதினேழு."

"பதினேழா?"

"கடைசியில ரெண்டு அடி அடிச்சும் முழிக்கல. லோரி ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு. நான் கத்துனேன். அப்புறம் அவசரமா பாத்ரூம் போகணும்னு பொய் சொன்னேன், நிறுத்துனாரு. எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டேன். அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு அங்கிள் தூங்கிட்டாரு."

"போன் அடிச்சுச்சே, எடுத்திருக்கலாம்ல?"

"உள்ள மறுபடி கைய விட்டா முழிச்சிருவாரு. முழிச்சா ஓட்டுவாரு."

அவள் மூடிய கைக்குள்ளிருந்து சாவியின் வளையம் எட்டிப் பார்த்தது. பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தூங்குகிறவரின் மடியைத் தாண்டிக் கையை விட்டுச் சாவியை உருவியிருக்கிறாள்.

"நல்ல பிள்ளை. சாவிய ஆன்டிகிட்ட குடும்மா."

"மாட்டேன்."

"நான்தான் வந்துட்டேனே."

"உங்ககிட்ட குடுத்தா நீங்க அங்கிள்கிட்ட குடுத்துருவீங்க."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது. ஏனென்றால் அவள் சொன்னது சரி. அவரை உயிரோடு பார்த்த அந்த அரை நிமிஷத்திலேயே என் மனசு கணக்குப் போட்டு முடித்திருந்தது. ஒரு கட்டங்காப்பி வாங்கிக் கொடுத்து, முகம் கழுவச் சொல்லி, பொட்டை நானே துடைத்துவிட்டால் செயலி வேலை செய்யும். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கிள்ளானுக்கு என்ன, நாற்பது நிமிஷம். டீச்சருக்கும் தெரியாது, பெற்றோர்களுக்கும் தெரியாது. மார்ச்சிலும் இப்படித்தான் எல்லாம் சரியாகிப்போனது.

லெட்சுமி மூக்குக்கண்ணாடிக்குள்ளிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கண்களைப் பார்த்துப் பழகிய பிள்ளை.

அவள் முன்னாலேயே வீரம்மா டீச்சரை அழைத்தேன்.

"டீச்சர், அமுதவள்ளி பேசுறேன். வேன் பூச்சோங் பக்கம் எண்ணெ ஸ்டேசன்ல நிக்குது. புள்ளைங்க ஒன்பது பேரும் நல்லா இருக்காங்க. ஆனா வேன் இனிமே வராது. நீங்க வந்துருங்க, பெத்தவங்களையும் வரச் சொல்லுங்க. அவருக்கு ஓட்டும்போது தூக்கம் வரும், டீச்சர். அது ஒரு வியாதி. மார்ச் மாசம் டயர் வெடிக்கல. தூங்கித்தான் இடிச்சாரு. நான்தான் பொய் சொன்னேன்."

"எவ்வளவு நாளா இருக்கு இது?" டீச்சரின் குரல் அடங்கிப்போயிருந்தது.

"ரொம்ப நாளா. மார்ச்சிலேர்ந்து எனக்குத் தினமும் போன்ல வரும், இத்தன தடவ கண்ண மூடுனாருன்னு."

டீச்சர் வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பேச்சுச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். "அமுதா? நீ எங்க இங்க?" என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டு. சாவித் துவாரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், லெட்சுமியைப் பார்த்தார், தன் கையிலிருந்த தடிப்புகளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

லெட்சுமி மூடிய கையை என் முன்னால் நீட்டினாள். விரல்கள் மரத்துப்போய், அவளால் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் நிமிர்த்தினேன். உள்ளங்கையில் சாவியின் பற்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"நான் இந்த வருஷம் முழுக்க இந்த வேன்லதான வந்தேன், ஆன்டி" என்றாள்.

"ஆமாம்மா."

"தெரிஞ்சேவா எங்கள ஏத்துனீங்க?"

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, ஆமாம் என்றேன்.